வன்னியில் ஒரு றெக்கோட்டைச் சாம்பிள் எடுப்பது

போனிலேயே இசை கட்டும் பிள்ளைகள் இப்போது கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள், புதுக்குடியிருப்பிலும் இருக்கிறார்கள். யூடியூப்பில் ஒரு பழைய பாட்டை எடுப்பது, நாலு செக்கன் வெட்டுவது (சாம்பிள் எடுப்பது என்பது இதைத்தான்), அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவது, அடியில் ஒரு ட்ரம் போடுவது. அப்புறம் ‘வைனல்’ (இசைத்தட்டு) என்று பெயர் போட்ட எஃபெக்ட் ஒன்றைத் தட்டினால் கரகரப்பும் வந்துவிடும். அந்தக் கரகரப்பு எந்தத் தட்டிலும் இருந்ததில்லை. எங்கேயோ ஒரு புரோகிராமர் கணக்குப் போட்டு உண்டாக்கிய சத்தம் அது. போடுவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் வன்னியில் இருந்துகொண்டு றெக்கோட்டை வைத்துப் பரிசோதனை இசை செய்ய வருபவருக்கு, அதைவிட நல்ல சரக்கு காலடியிலேயே கிடக்கிறது.

வன்னியில் றெக்கோட்டைத் தன் வீட்டில் வைத்துக் கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். றெக்கோட்டில் இருந்த பாட்டைக் கேட்காதவர்களோ இல்லை. தட்டுக்கும் காதுக்கும் இடையில் கோயில் குழாய் ஸ்பீக்கர், இலங்கை வானொலி, கசெற், ஜெனரேற்றர் என்று நீண்ட வழி ஒன்று கிடந்தது. அந்த வழி பாட்டின் சுருதியை மாற்றியது, அடித்தொனியைத் தின்றது, எதிரொலி சேர்த்தது. ஆகவே தட்டை மட்டும் சுத்தமாகப் பதிந்து வெட்டினால், இந்த ஊர் கேட்ட ஒலியில் பாதிதான் கைக்கு வரும். மீதியையும் பதிவுசெய்யலாம். அதற்குப் பெரிய ஸ்டூடியோ தேவையில்லை, கொஞ்சம் பௌதிகமும் ஒரு வயல்வரம்பும் போதும்.

தட்டு வந்ததும் போனதும்

1930களிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கின. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி எடுத்து வந்தவர்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டினார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களோடு தப்பு மேளமும் காமன்கூத்துப் பாட்டும் வந்தன. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஏற்கெனவே இருந்தது. பாட்டுக்குப் பஞ்சமில்லாத இடம், ஆனால் மின்சாரம் இல்லாத இடம். அங்கே சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் ஒரு வசதி. ஸ்பிரிங்கை முறுக்கினால் போதும், வயரும் வேண்டாம் பற்றறியும் வேண்டாம். பிறகு ரோர்ச் பற்றறியில் ஓடும் எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற கைப்பெட்டி பிளேயர்கள் வந்தன. வசதியுள்ள ஒன்றிரண்டு வீடுகளில் அவை இருந்தன.

ஊருக்கே பாட்டுப் போட்டவர் சவுண்ட் சேர்விஸ்காரர்தான். அம்பிளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு லைற் மிசின் (ஜெனரேற்றர்), ஒரு பெட்டி நிறையத் தட்டு. கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியச் சடங்கு எதுவானாலும் அவர் வந்து பனையிலோ தென்னையிலோ ஸ்பீக்கரைக் கட்டிவிட்டால்தான் விசேஷம் தொடங்கியதாகக் கணக்கு. சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டும், டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டும், நாதஸ்வரத் தட்டுகளும் அப்படித்தான் வயல் தாண்டிப் போயின.

மற்ற வழி வானொலி. இலங்கையில் ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் குரலோடு கொழும்பில் தட்டு சுழலும், மாங்குளத்தில் பாட்டுக் கேட்கும். கடல் கடந்து தமிழ்நாட்டிலும் கேட்கும். தட்டைக் கண்ணால் காணாமலே அதன் கீறல் எந்த வரியில் விழும் என்று மனப்பாடமாகத் தெரிந்த தலைமுறை அது.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போனது, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளானது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட கதை வடக்கில் எல்லாருக்கும் தெரியும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப் போவார். கசெற் போட்டவர்களுக்கு இன்னும் மோசம், மின்னழுத்தம் விழ விழ நாடாவின் ஓட்டம் தளர்ந்து குரல் தடிக்கும். பிறகு 2008, 2009. மேற்கிலிருந்து கிழக்காக, கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று இடம்பெயர்ந்துகொண்டே போன சனம் தறப்பாளையும் பானையையும் தூக்குமா, இசைத்தட்டுப் பெட்டியைத் தூக்குமா? இன்று வன்னியில் ஒரு தட்டுக் கிடைத்தால் அது அநேகமாக வெளியிலிருந்து வந்தது: யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டுப் பரணிலிருந்து, கொழும்புப் பழைய சாமான் கடையிலிருந்து, அல்லது ஊருக்கு வந்த வெளிநாட்டு மாமாவின் பெட்டியிலிருந்து. ‘எங்கள் பாட்டன் கேட்ட றெக்கோட்’ என்று சொல்லி இங்கே இசை செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். பாட்டன் அநேகமாகக் கேட்டது ஸ்பீக்கரை.

ஒரு வெடிப்பின் கணக்கு

சரி, கையில் ஒரு தட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது எந்தச் சாதி என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டு அரக்கால் ஆனது. அரக்குப் பூச்சியின் பிசினோடு கல்மாவும் கரியும் கலந்து அழுத்தியது. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் பீங்கான்போல உடையும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அளவில்தான் கொள்ளும். இந்தியாவில் 1960களின் கடைசிவரை இவை வந்துகொண்டிருந்தன. 33⅓ சுற்று எல்.பி. 1948இலும் 45 சுற்றுச் சின்னத் தட்டு 1949இலும் அமெரிக்காவில் அறிமுகமாயின. இவை பெரும்பாலும் வைனல் பிளாஸ்டிக். உடையாது, ஆனால் வெயில் ஏறிய தகரக் கூரையின் கீழ் வைத்தால் அப்பளமாக நெளியும்.

கழுவும்போது கவனம். வைனலை அல்ககோல் கலந்த திரவத்தால் துடைக்கலாம். அரக்குத் தட்டில் அதைப் போட்டால் அரக்கே கரையும். அதற்கு வடிகட்டிய தண்ணீரும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும், மென்மையான துணியும் போதும். ஊசியும் வேறு. 78இன் தவாளிப்பு (ஊசி ஓடும் பள்ளக்கோடு) அகலமானது, அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரோன் முனை வேண்டும். எல்.பி. ஊசி 18 முதல் 25 மைக்ரோன்தான். எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது தவாளிப்பின் அடியில் போய் அழுக்கில் உராயும், பாட்டு தூரத்திலும் இரைச்சல் முன்னாலும் கேட்கும். ஆவணப்படுத்துகிறவர் இதைச் செய்யக் கூடாது. பரிசோதனை செய்கிறவர் ஒருதரமாவது செய்து பார்க்க வேண்டும்.

வேகத்தில்தான் விளையாட்டு அதிகம். 45 தட்டை 33⅓இல் ஓடவிட்டால் சுருதி ஐந்து அரைச்சுரத்துக்குச் (ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு அரைச்சுரம்) சற்றுக் கூடுதலாக இறங்கும். சட்ஜம் கிட்டத்தட்டக் கீழ்ப் பஞ்சமத்தில் போய் நிற்கும். 78ஐ 33⅓இல் விட்டால் ஒரு ஸ்தாயியும் அதற்குக் கீழே ஏறத்தாழ மூன்று அரைச்சுரமும் இறங்கும். நாதஸ்வரத் தட்டொன்றை இப்படி ஓட்டிப் பார்த்தால் சாதாரண வேகத்தில் ஒரே வீச்சாகப் போன கமகம் பிரிந்து, எங்கே தொடங்கி எந்தச் சுரத்தைத் தொட்டுத் திரும்புகிறது என்று தெளிவாகக் கேட்கும். தவிலின் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் தோலின் நடுக்கம் தனியாக வரும். வித்துவான் மூச்செடுக்கும் இடமும் வெளியில் வரும். மூன்று நிமிடத் தட்டு ஏழு நிமிடமாகிவிடும்.

இனி, வெடிப்பு. அரக்குத் தட்டில் ஓரத்திலிருந்து நடு நோக்கி ஒரு மயிர்க்கோட்டு வெடிப்பு இருந்தால் சேகரிப்பவர்கள் அதைத் தூக்கி வைத்துவிடுவார்கள். சாம்பிள் எடுப்பவருக்கு அது பொன். ஒவ்வொரு சுற்றிலும் ஊசி அந்த வெடிப்பைக் கடக்கும், ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். 78 சுற்றென்றால் நிமிடத்துக்கு 78 டிக், 0.77 செக்கனுக்கு ஒன்று. பாட்டின் தாளம் இதற்குக் கட்டுப்படாது. பாட்டு நிமிடத்துக்கு 80 அடியில் போகிறதென்றால் டிக்கும் தாளமும் 30 செக்கனுக்கு ஒருதரம் ஒன்றாக விழும், பிறகு மெல்ல விலகி எதிரிடையாகும், மறுபடியும் நெருங்கி வரும். யாரும் இசையமைக்காத ஒரு இரட்டைத் தாளம் தட்டுக்குள்ளேயே கிடக்கிறது. அதன்மேல் ஒரு உடுக்கையோ கைத்தட்டோ போட்டு, டிக்கோடு சேர்ந்தே போய்ப் பாட்டைக் கைவிட்டுவிட்டால் துண்டு ஒன்று தானாகவே உருவாகும். கணினியில் ‘கிளிக் ரிமூவல்’ அழுத்துகிறவர் முதலில் அழிப்பது இதைத்தான்.

இன்னொரு பயனும் உண்டு. டிக்கை எண்ணினால் தட்டு உண்மையில் என்ன வேகத்தில் ஓடியது என்று தெரியும். ஜெனரேற்றர் விவகாரத்தில் இது உதவும்.

இதை முன்பு செய்தவர்கள்

றெக்கோட்டை வாத்தியமாக்கியது புதுசில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ் 1939இலேயே பரிசோதனை ஒலிகள் பதிந்த தட்டுகளை வேகம் மாற்றி ஓட்டி ஒரு படைப்பில் சேர்த்தார். 1948இல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷெஃபர் தட்டு வெட்டும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இரயில் சத்தங்களைத் தொகுத்து ஒலிபரப்பினார். அவர் கண்டுபிடித்த இரண்டு தந்திரம் இன்றைக்கும் எல்லா சாம்ப்ளரிலும் (சாம்பிளைப் பதிந்து வாசிக்கும் கருவி) இருக்கிறது. ஒன்று, சுருளாகப் போக வேண்டிய தவாளிப்பை வட்டமாக மூடிவிடுவது. ஊசி அதே இடத்தில் சுற்றும், ஒரு துணுக்கு முடிவில்லாமல் ஒலிக்கும். லூப் என்பது அதுதான். மற்றது, மணியோசையின் அடி விழும் கணத்தை வெட்டிவிட்டு ஓசையை மட்டும் வைப்பது. அடியில்லாத மணி மணியாகக் கேட்காது, ஏதோ காற்று வாத்தியம் போலிருக்கும். ஒலியை அடையாளம் காண நம் காது அதன் தொடக்கத்தை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. வன்னியில் இதைச் செய்து பார்க்கக் கோயில் மணி ஒன்றும் போனும் போதும், பூசை முடியும்வரை பொறுத்திருந்தால் சரி.

1973இல் நியூயோர்க்கின் பிரொங்ஸில் டிஜே கூல் ஹேர்க் பாட்டின் ட்ரம் பகுதியை மட்டும் இரண்டு பிளேயரில் நீட்டி நீட்டிப் போட்டார். ஹிப்ஹொப் அங்கிருந்து வந்தது. 1987இல் வந்த எஸ்.பி.-1200 சாம்ப்ளருக்கு மொத்தம் பத்து செக்கன்தான் நினைவகம். ஆட்கள் 33 தட்டை 45இல் வேகமாக ஓட்டிப் பதிந்து, பிறகு இயந்திரத்துக்குள் சுருதியை இறக்கினார்கள். பத்து செக்கனில் பதின்மூன்றரை செக்கன் அடங்கியது. இறக்கும்போது வந்த மணல் போன்ற கரடுதான் அக்காலத்து ஹிப்ஹொப்பின் நிறம் என்று இன்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள். வசதிக் குறைவிலிருந்து வந்த நிறம்.

நம் பக்கத்துச் சரக்கும் இந்தச் சந்தையில் போயிருக்கிறது. ‘ஸ்ரீ ராகவேந்திரா’ படத்தின் இளையராஜா பாட்டிலிருந்து பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்கக் குழுவினர் 2003இல் சாம்பிள் எடுத்தார்கள். 2007இல் எம்.ஐ.ஏ. என்ற பாடகி மாயா அருள்பிரகாசம் தன் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே ‘தளபதி’யிலிருந்து எடுத்தார். ஈழத்து வேர் கொண்ட ஒருவர் லண்டனிலிருந்து அந்தப் படத்துக்குப் போனது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே பட்டிருக்கிறது. இங்கேயும் திருவிழா முடிந்த இரவில் ஸ்பீக்கரில் போனது அதுதானே.

ஸ்பீக்கர் என்ன செய்கிறது

குழாய் ஸ்பீக்கர் ஒரு வடிகட்டி. சுமார் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதிலிருந்து பெரிதாக ஒன்றும் வராது, மேலேயும் சில ஆயிரம் ஹேர்ட்ஸோடு அடங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் (அடித்தொனி தரும் இடப்பக்கம்) காணாமல் போகும், வலந்தலை (வலப்பக்கம்) மட்டும் நிற்கும். ஆண்குரலின் அடிச்சுரம் பல வேளை 300க்குக் கீழேதான். ஆனாலும் சௌந்தரராஜனின் சுருதி நமக்குப் பிழையாகக் கேட்டதில்லை. அடிச்சுரம் வராவிட்டாலும் அதன் மடங்குகள் வந்தால், மூளை அவற்றின் இடைவெளியிலிருந்து அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். நாதஸ்வரத்துக்கு இந்தச் சிக்கல் அதிகமில்லை, அதன் ஒலியில் பெரும் பங்கு ஸ்பீக்கர் தாங்கும் எல்லைக்குள்ளேயே வரும். மத்திய அலை வானொலியும் இப்படித்தான். நிலையங்களுக்கு இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ் என்பதால் பாட்டுக்குக் கிடைப்பது 4.5 அளவில்தான்.

அடுத்தது சுருதி. மாறுமின்னோட்ட மோட்டார் வைத்த பிளேயரின் வேகம் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றும். இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸ். கோயில் லைற் மிசினில் சோடனை பல்புகள் எல்லாம் ஒரேயடியாக எரியும்போது எஞ்சின் இறங்கி 48க்கு வந்தால், தட்டின் வேகம் நூற்றுக்கு நாலு பங்கு குறையும். சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இறங்கிவிடும். ஸ்வாமி வெளிவீதி வரும் நேரத்தில் பாட்டுச் சற்றுச் சோர்ந்தது என்று பழைய ஆட்கள் சொன்னால் அது கற்பனையாக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, வெளி. நம் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். வயலின் இரு கரையில் எதிரெதிராகக் கட்டிய இரண்டு ஸ்பீக்கரில் கிட்டியதற்கு 50 மீற்றரிலும் எட்டியதற்கு 400 மீற்றரிலும் நின்றால் அதே சொல் ஒரு செக்கன் தள்ளி மறுபடியும் வரும். அயல்கோயிலிலும் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். இரவில் இன்னொரு மாற்றம் நடக்கும். பகலில் தரை சூடாகவும் மேலே காற்றுக் குளிராகவும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து தப்பிவிடும். தெளிந்த இரவில் தரை முதலில் குளிர்ந்துவிடும், மேலே காற்றுச் சூடாக இருக்கும், ஒலி கீழ்நோக்கி வளையும். விடியப்புறத்துப் பாட்டு மூன்று ஊர் தாண்டிக் கேட்பது அதனால்தான். குளத்துக்கு அக்கரையில் இது இன்னும் வடிவாகத் தெரியும்.

இந்த மூன்றையும் மென்பொருளில் நடிக்கவைக்கலாம். ஒரு ஈக்யூ (தொனி வடிகட்டி), ஒரு டிலே (எதிரொலி), கொஞ்சம் சுருதி ஆட்டம். கேட்க மோசமாகவும் இராது. நான் அதை விரும்பாததற்குக் காரணம், மென்பொருளின் வயலில் தவளை இல்லை, மயில் இல்லை, இடையில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று கடகடத்துப் போவதும் இல்லை. எந்த நேரத்தில் எது குறுக்கிடும் என்று தெரியாமல் பதிவதிலேயே பாதித் துண்டு பிறக்கிறது.

செய்யும் விதம்

தேவைப்படுவது ஒரு பழைய குழாய் ஸ்பீக்கர், அதை ஓட்ட ஒரு சின்ன அம்பிளிஃபயரும் 12 வோல்ட் பற்றறியும், ஒரு போன். சவுண்ட் சேர்விஸ்காரர்கள் பெட்டி ஸ்பீக்கருக்கு மாறியபின் குழாய்கள் பல வளவுகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. கேட்டால் தருவார்கள். டயபிரம் (உள்ளே அதிரும் சவ்வு) கிழிந்ததென்றால் மாற்று யூனிட் வாங்கலாம். கிழிந்தபடியே ஒருதரம் பதிந்துவிட்டு மாற்றுவது இன்னும் நல்லது.

முதலில் தட்டை நேராகக் கணினிக்குள் எடுக்க வேண்டும். இங்கே ஒரு தடங்கல் வரும். தட்டு வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து மேல்தொனியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் தவாளிப்பு அகன்று இடம் போதாது, இரைச்சலும் மேலோங்கும். 1954இலிருந்து இதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஃபோனோ பிரீஆம்ப் (தட்டுக்கான முன்பெருக்கி) அதைத் திருப்பிச் சரிசெய்யும். ஊசி பொருத்திய காந்தக் காட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான் என்பதால் அதைப் பெருக்கவும் செய்யும். பிரீஆம்ப் இல்லாமல் நேரே செருகினால் மெலிந்த, கீச்சென்ற ஒலி வரும். பழைய கைப்பெட்டிப் பிளேயர்களில் இருக்கும் செரமிக் காட்ரிட்ஜுக்கு இந்தத் தொல்லை குறைவு. 78க்கு ஏற்ற வேகம் பிளேயரில் இல்லையென்றால் 33⅓இல் பதிந்து ஓடாசிற்றி மென்பொருளில் 2.34 மடங்கு வேகப்படுத்தலாம். அதற்கு ‘சேஞ்ச் ஸ்பீட்’ என்று தொடங்குவதைத் தெரிவுசெய்ய வேண்டும். ‘சேஞ்ச் டெம்போ’ சுருதியை அப்படியே வைத்துவிடும்.

பதிந்த கோப்பை ஸ்பீக்கரில் போட்டு, வயல்வரம்பிலிருந்து மறுபடியும் பதிவது அடுத்தது. போனின் சாதாரண வொய்ஸ் றெக்கோடர் இதற்கு உதவாது. அது பேச்சுக்காகச் செய்தது. சத்தம் கூடினால் தானே குறைக்கும், குறைந்தால் கூட்டும், தவளையை இரைச்சல் என்று நினைத்து அழிக்கும். தானியங்கி அளவையும் இரைச்சல் நீக்கத்தையும் நிறுத்தி, வேவ் கோப்பாகப் பதியும் செயலி வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மைக்குக்கு ஒரு தடித்த காலுறை போட்டாலும் காற்று அடிக்கும். காலபோகத்தில் (மாரிகால நெற்செய்கையில்) வயலில் தண்ணீர் நிற்கும் நாட்கள்தான் நல்ல நாட்கள்.

ஒரே பாட்டை ஸ்பீக்கருக்குக் கிட்ட ஒன்று, நூறு மீற்றரில் ஒன்று, குளக்கட்டில் ஒன்று என்று பதிந்து வந்து, கணினியில் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் சுவையான வேலை தொடங்கும். மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கவேண்டிய அவசியமில்லை. நாதஸ்வரத்தின் ஒரு நீண்ட சுரத்தைக் கிட்டப் பதிவிலிருந்து எடுத்து, அதன் வாலைக் குளக்கட்டுப் பதிவில் முடியவிடலாம். கேட்பவருக்குத் தான் நடந்துபோகிறமாதிரி இருக்கும். வெடிப்பு டிக்கை மட்டும் மூலப் பதிவிலிருந்து உலர்வாக எடுத்து நடுவில் வைக்கலாம். ட்ரம் மெசின் போடுவதானால் கடைசியில் போடுங்கள், போடாமல் விட முடியுமா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு. என் அபிப்பிராயம், பத்தில் எட்டுத் தடவை விடலாம்.

ஸ்பீக்கர் கட்டுவதற்கு முன் அயலவருக்குச் சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி என்ற சட்டமும் இருக்கிறது. ஐந்து வாட்டில், தன் வளவுக்குள், பகலில் என்றால் சிக்கல் குறைவு. நல்ல எதிரொலி தேடித் தெரியாத பற்றைக்காட்டுக்குள் இறங்குவது வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இன்னும் உண்டு.

யாருடைய குரல்

உரிமைப் பிரச்சினை எல்லாரும் நினைப்பதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் ஒரு தட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமை இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு வெளியான ஆண்டுக்குப் பின் 50 ஆண்டு. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அவர்கள் இறந்து 70 ஆண்டு. இந்தியாவில் இரண்டுமே 60. 1981இல் இறந்த கண்ணதாசனின் வரியை எடுத்தால் இந்தியாவில் 2041 முடியும்வரை, இலங்கையில் 2051 முடியும்வரை அது உரிமையுள்ள சொத்து, தட்டு எவ்வளவு பழையதானாலும். எச்.எம்.வி.யின் இந்தியப் பட்டியல் இன்று சரிகம நிறுவனத்திடம் இருக்கிறது. யூடியூப்பின் தானியங்கித் தேடல் நாலு செக்கனையும் கண்டுபிடிக்கக்கூடும். சொல்லில்லாத துணுக்குகள், ஆலாபனை, தட்டு தொடங்குமுன் வரும் வெறும் தவாளிப்பின் இரைச்சல் என்று போனால் தலையிடி குறைவு. வெறும் தவாளிப்புக்கு யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வன்னியில் இதைவிடக் கனமான இன்னொரு கேள்வி இருக்கிறது. போர்க்காலப் பாட்டுகளும் அறிவிப்புகளும் பலரிடம் கசெற்றாகவும் கோப்பாகவும் இருக்கின்றன. அவற்றை வெட்டி லூப் ஆக்குவது கேட்பவருக்கு என்ன செய்யும் என்பது ஒருபுறம். 1979இலிருந்து இருந்துவரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், சமூக ஊடகத்தில் எதையோ பகிர்ந்ததற்காகக் கைதானவர்கள் உண்டு என்பது மறுபுறம். பரிசோதனை இசை என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. ஒப்பாரியிலும் கவனம் வேண்டும், வேறு காரணத்துக்காக. செத்த வீட்டில் போனை நீட்டிப் பதிந்துவந்து ரிவர்ப் போட்டு ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாடியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்க வேண்டும், முடித்ததையும் போட்டுக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாமென்றால் விட வேண்டும்.

தாராளமாக எடுக்கக்கூடியது வேறு நிறைய இருக்கிறது. அரிவுவெட்டு (நெல் அறுவடை) பாட்டுத் தெரிந்த முதியவர்கள் முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சூடுமிதிக்கையில் (மாடு விட்டு மிதித்து நெல்லைப் பிரிக்கையில்) சொல்லும் ‘பொலி’ விளியைக் கேட்டால் பாடிக் காட்டுவார்கள். அதை 78இன் டிக்கோடு வைத்துப் பாருங்கள். மாடு சுற்றிவரும் நடைக்குப் பாடியது, தட்டுச் சுற்றுக்கும் இணங்கிப் போகும்.

பதிந்த எல்லாவற்றையும், வெட்டாத மூலத்தையும், இரண்டு இடத்தில் வையுங்கள். நூலக நிறுவனத்தின் ஆவணகம் ஒலிக்கோப்புகளையும் சேகரிக்கிறது, அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம். கோப்பின் பெயரை ‘ஓடியோ 17’ என்று விட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கே விளங்காது. தட்டின் நடுவிலுள்ள இலக்கம், ஓட்டிய வேகம், ஊசி, ஸ்பீக்கர் கட்டிய இடம், நீங்கள் நின்ற தூரம், நேரம், காற்று இருந்ததா இல்லையா. இவ்வளவும் எழுதினால் நீங்கள் செய்ததை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கலாம்.